சிறு எஞ்சின் டைமிங் கியரில் ஓசை, தேய்வு, உடைவு: அறிகுறி பார்த்துக் கியரின் பொருளைத் தீர்மானித்தல்

ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை ஓட்டும் கியர் பழுதானால், இருந்ததைவிட வலுவான பொருளில் ஒன்றைச் செய்து போட்டுவிட வேண்டும் என்பதே முதலில் தோன்றும் எண்ணம். நைலான் பல் உதிர்ந்தால் எஃகு, எஃகு இரைந்தால் ஃபைபர் (பிசினில் தோய்த்த துணியடுக்கு), ஃபைபர் கரைந்தால் அலுமினியம் என்று மாற்றிக்கொண்டே போகலாம். ஆனால் பழுதுக்குக் காரணம் பொருளில் இல்லாதபோது, புதிய கியரும் அதே இடத்தில் வேறு விதமாகப் பழுதாகும். கேம் கியரின் பொருள் தனித்துத் தேர்வு செய்யக்கூடியது அன்று. எதிரே பிணையும் கிராங்க் கியர், இரண்டையும் தாங்கும் கிராங்க்கேஸ், மேலே தெறிக்கும் ஆயில், திருப்பித் தள்ளும் வால்வு ஸ்பிரிங் ஆகிய நான்கும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள வழிமுறை ஒவ்வொரு அறிகுறியிலும் அந்த நான்கில் எதைச் சோதிக்க வேண்டும், எப்போது பொருளை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்கிறது. மின்னாக்கி, பம்பு, புல்வெட்டி போன்றவற்றின் எஞ்சின்களுக்கும், லேத்தில் கடைந்து செய்யப்படும் மாதிரி எஞ்சின்களுக்கும் இது பொருந்தும்.

கழற்றும் முன்: பற்களைப் படித்தல்

கேம்ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால் கேம் கியரில் கிராங்க் கியரைப் போல இரு மடங்கு பற்கள் இருக்கும். 20-க்கு 40 என்று வைத்துக்கொண்டால், கிராங்க் கியரின் ஒரு பல் கேம் கியரில் எதிரெதிரே உள்ள இரண்டு பற்களை மட்டுமே வாழ்நாள் முழுவதும் சந்திக்கிறது. கேம் கியரின் ஒரு பல்லுக்கோ எப்போதும் ஒரே துணைதான். மற்ற கியர் பெட்டிகளில் பற்களின் எண்ணிக்கைக்குப் பொது வகுஎண் இல்லாமல் பார்த்துக்கொண்டு தேய்வை எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்துவிடும் உத்தி இங்கே எடுபடாது. எந்தக் கோணத்தில் சுமை ஏறுகிறதோ அந்தக் கோணத்துப் பற்கள் மட்டுமே மீண்டும் மீண்டும் அடிபடும். இது கியருக்குப் பாதகமானது என்றாலும், கோளாறு தேடுபவருக்குப் பெரிய உதவி.

ஆகவே கியரைக் கழற்றும் முன் கிராங்க்ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு கேம் முகடும் டேப்பட்டை (கேமின் தூக்கலை வால்வுக்குக் கடத்தும் உறுப்பை)த் தூக்கத் தொடங்கும் நிலையிலும், உச்சத்தைத் தாண்டி இறங்கும் நிலையிலும் பிணைந்திருக்கும் பற்களை மார்க்கரால் குறித்துக்கொள்ள வேண்டும். முகடு ஏறும்போது கிராங்க் கியர் கேம் கியரைத் தள்ளுகிறது. உச்சம் தாண்டியதும் வால்வு ஸ்பிரிங் கேமை முன்னோக்கி உந்துவதால் கேம் கியரின் பல் இடைவெளியைக் கடந்து எதிர்ப் பக்கத்தில் மோதுகிறது. இரண்டு முகடுகளுக்குமாகக் கேமின் ஒரு சுற்றில் தொடுமுகம் நான்கு முறை மாறும். கிராங்க்ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடினால் இது நொடிக்கு 120 மோதல்கள்.

பின்னர் கியரைத் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் உருப்பெருக்கியுடன் பார்க்க வேண்டும். தேய்வு, மார்க்கரால் குறித்த பற்களில் மட்டும் குவிந்திருந்தால் சுமையே காரணம்: கடினமான ஸ்பிரிங், இறுகும் வால்வு, தேவைக்கு மிஞ்சிய பேக்லாஷ் (பிணைந்த பற்களுக்கு இடையே உள்ள தளர்வு) ஆகியவற்றைத் தேட வேண்டும். எல்லாப் பற்களிலும் சமமாக இருந்தால் ஆயில், தூசு, பொருந்தாத உலோக ஜோடி ஆகியவை சந்தேகத்துக்குரியவை. பல்லின் ஒரு விளிம்பில் மட்டும் பளபளப்பு இருந்தால் இரண்டு ஷாஃப்டுகளும் இணையாக இல்லை, அல்லது கேம்ஷாஃப்டின் புஷ் தேய்ந்துவிட்டது. இந்த நிலையில் எந்தப் பொருளில் கியர் செய்தாலும் பயனில்லை.

அறிகுறி: ஐட்லிங்கில் கடகடவென்ற ஓசை, வேகம் கூட்டினால் குறைகிறது

டேப்பட் இடைவெளி சரியாக இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் இரண்டு ஓசைகளும் கேம் வேகத்தையே பின்பற்றுவதால் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். டேப்பட் சரியாக இருந்தும் ஓசை தொடர்ந்தால் பேக்லாஷை அளக்க வேண்டும். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், கிராங்க்ஷாஃப்ட் அசையாமல் நிறுத்தி, டயல் கேஜின் முனையைக் கேம் கியர்ப் பல்லின் நடு உயரத்தில் வைத்துக் கியரை முன்னும் பின்னும் அசைத்தால் அளவு கிடைக்கும். கியரைச் சுற்றி நான்கு இடங்களில் இதைச் செய்ய வேண்டும். நான்கிலும் ஒரே அளவு கூடுதலாக இருந்தால் தேய்வோ மைய தூரமோ (இரண்டு ஷாஃப்டுகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) காரணம். இடத்துக்கு இடம் மாறினால் கியர் அச்சோடு ஒருமையப்படாமல் ஓடுகிறது. டயல் கேஜ் நுழையாத சிறிய கேஸில், மெல்லிய ஈயக் கம்பியைப் பற்களுக்கு இடையே உருட்டி எடுத்து, நசுங்கிய இரண்டு தடங்களின் கனத்தையும் கூட்டினால் போதுமான துல்லியம் வரும். கையேட்டில் அளவு தரப்பட்டிருந்தால் அதுவே இறுதி; ஒரு மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) பற்களுடன் தானே செய்த எஞ்சினில் எஃகு ஜோடிக்குக் குளிர்ந்த நிலையில் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை வைப்பது நியாயமானது.

குளிர்ந்தபோது அமைதியாக இருந்து, சூடேறியதும் கடகடவென்று கேட்டால் கணக்கைப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 23 பங்கு விரிகிறது. எஃகு அதில் பாதி, சுமார் 11.5 பங்கு. மைய தூரம் 50 மி.மீ. உள்ள ஓர் அலுமினியக் கிராங்க்கேஸ் 80 டிகிரி சூடேறினால் அந்தத் தூரம் 0.092 மி.மீ. கூடும். கியர்கள் இரண்டும் எஃகு என்றால் அவற்றின் ஆரங்கள் சேர்ந்து 0.046 மி.மீ. மட்டுமே வளரும். எஞ்சிய 0.046 மி.மீ. விலகலால், 20 டிகிரி அழுத்தக் கோணப் (பல் முகத்தின் சரிவு) பற்களில், பேக்லாஷ் 0.03 மி.மீ.க்குச் சற்று மேல் கூடும். சிறிய அளவுதான், ஆனால் குளிர்ந்த நிலையிலேயே 0.15 வரை தேய்ந்துவிட்ட ஜோடியில் இதுவே ஓசையைக் காதுக்குக் கொண்டுவருகிறது.

அதே கேஸில் கிராங்க் கியரை எஃகாக வைத்துக்கொண்டு கேம் கியரை அலுமினியத்தில் செய்தால் கூடுதல் 0.01 மி.மீ. அளவில் அடங்கிவிடும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வகை ஏர்கூல்டு எஞ்சின்களில் மெக்னீசியக் கலவைக் கேஸுக்குள் இலகு உலோகக் கேம் கியரை எஃகுக் கிராங்க் கியருடன் பிணைத்ததில் உள்ள பொறியியல் நியாயம் இதுதான்: கேஸும் பெரிய கியரும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் விரிகின்றன. அங்கே கேம் கியர்களை மிக நுண்ணிய அளவு வேறுபாடுகளில் செய்து, கூட்டல் கழித்தல் குறியுடன் எண்ணிட்டு, கேஸுக்கு ஏற்றதைப் பொறுக்கிப் போடுவார்கள். சிட்ரோயன் 2சிவி வேறு வழியில் சென்றது. அதன் கேம் கியர் இரண்டு தகடுகளாகப் பிளந்து, நடுவே ஸ்பிரிங் வைத்து, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். பழைய எஞ்சினில் அப்படிப்பட்ட கியர் இருந்து ஓசை வந்தால், பற்களைக் குறை சொல்லும் முன் அந்த ஸ்பிரிங்குகள் உடைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பேக்லாஷ் அளவுக்குள் இருந்தும் ஓசை பொறுக்க முடியாததாக இருந்தால் பொருளை மாற்றுவது பொருத்தமான தீர்வு. மோதலின் வலிமை கேம் கியரின் நிறையைப் பொறுத்தது. ஆகவே பெரிய எஃகுக் கியரை அலுமினியமாகவோ துணிஅடுக்கு ஃபீனாலிக் ஃபைபராகவோ மாற்றினால் ஓசை உடனே இறங்கும். எஃகின் வலிமையைக் கைவிட மனமில்லாதவர்கள், பற்களுக்கும் மையத்துக்கும் இடையே தகட்டை மெலிதாக்கித் துளைகள் இட்டு நிறையைக் குறைக்கலாம். வார்ப்பிரும்பு கனமானதே ஆயினும், அதில் உள்ள கிராஃபைட்டு அதிர்வை உள்வாங்குவதால் அதே அளவுள்ள எஃகைவிட மந்தமாக ஒலிக்கும். எஃகுக் கிராங்க் கியரும் வார்ப்பிரும்புக் கேம் கியரும் என்ற பழைய ஜோடி, புகழ் பாடப்படாவிட்டாலும், சிறு எஞ்சினுக்கு இன்றும் மிகக் குறைந்த தொல்லை தருவது என்பது என் மதிப்பீடு.

அறிகுறி: வேகத்தோடு உயரும் ஊளை

கடகட ஓசைக்கு நேர் எதிரான காரணம். பற்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. எஃகு ஜோடியில் குளிர்ந்தபோது ஊளையிட்டுச் சூட்டில் அடங்கினால், மேலே சொன்ன கணக்கின்படி மைய தூரம் குறைவாக அமைந்துவிட்டது என்று பொருள். பிரஷ்யன் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவிச் சுழற்றிப் பார்த்தால் பல்லின் இரண்டு முகங்களிலும் ஒரே நேரத்தில் நிறம் ஒட்டியிருப்பது தெரியும்.

சூட்டில் ஊளை தொடங்கினால் கேம் கியர் நைலானாகவோ அசிட்டால் என்ற பிளாஸ்டிக்காகவோ இருக்கும். நைலான் 66 ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 80 பங்கும், அசிட்டால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் விரியும். மேற்கண்ட அதே 50 மி.மீ. எடுத்துக்காட்டில் எஃகுக் கேம் கியருக்குப் பதிலாக நைலான் கியரைப் போட்டால், 80 டிகிரி ஏற்றத்தில் பேக்லாஷ் கூடுவதற்கு மாறாக 0.10 மி.மீ. குறையும். எஃகுக்கு வைத்த இடைவெளியோடு நைலானை வைத்தால் அது சூட்டில் கடித்துக்கொள்வதும், பல்லின் நுனி மழுங்குவதும், கேம் புஷ் ஒரு பக்கமாகத் தேய்வதும் இதனால்தான்.

நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். பாதி ஈரப்பதம் உள்ள காற்றில் நைலான் 66 தன் எடையில் ஏறத்தாழ 2.5% நீரை ஏற்று, நீளவாக்கில் 0.5% அளவுக்கு உப்பும், 33 மி.மீ. ஆரமுள்ள கியரில் இது 0.16 மி.மீ. மேல். ஆகவே கம்பியிலிருந்து கடைந்த நைலான் கியரை உடனே அளந்து பொருத்திவிடாமல், ஈரம் சமநிலைக்கு வந்த பின் அளப்பது நல்லது. அசிட்டாலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அது 165 முதல் 175 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதாலும், பழைய ஆயிலில் சேரும் அமிலம் அதைச் சிதைக்கும் என்பதாலும், ஆயில் 120 டிகிரியைத் தொடக்கூடிய ஏர்கூல்டு எஞ்சினுக்குள் நெடுங்காலம் ஓட அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த நேரமே ஓடும் மாதிரி எஞ்சினுக்கு அது நல்ல தேர்வு: எளிதாகக் கடையலாம், அளவு நிற்கும், ஆயில் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென நின்றது, மீண்டும் பிடிக்கவில்லை

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமலே ஃப்ளைவீலைக் கையால் சுழற்ற வேண்டும். நல்ல எஞ்சினில் அமுக்கம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே கைக்குத் தெரியும். கேம் கியரின் பற்கள் உதிர்ந்து கேம்ஷாஃப்ட் நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஒரு வால்வு திறந்த நிலையில் நின்று அமுக்கமே இல்லாமல் போகும், அல்லது ஸ்பிரிங் கேமை உருட்டி இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அமுக்கம் தட்டுப்படும். இந்த இரண்டாவது நிலை பலரைக் குழப்பும், ஏனெனில் அமுக்கம் நன்றாக இருப்பதாக எண்ணிக் கார்புரேட்டரைப் பிரிக்கப் போய்விடுவார்கள். வால்வு மூடியைத் திறந்து, கிராங்க்ஷாஃப்டை இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றியும் ராக்கர் அசையவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

உதிர்ந்தது ஃபைபரோ நைலானோ என்றால் அடுத்த கேள்வி அது ஏன் உதிர்ந்தது என்பதே. ஒவ்வொரு வால்வையும் அதன் கைடில் கையால் அழுத்தித் தடையின்றிப் போய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கரி படிந்து ஒட்டிய எக்ஸாஸ்ட் வால்வு கேம் முகட்டைப் பிடித்து நிறுத்தும்போது, அந்த முழு அடியும் இரண்டொரு பற்களின் மேல் விழுகிறது. இழுத்து ஸ்டார்ட் செய்கையில் எஞ்சின் திருப்பி உதைத்திருந்தால், அல்லது சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்து பிஸ்டன் தடைபட்டிருந்தால், அதன் விளைவும் இதுவே. இவற்றில் எதுவும் இல்லாமல், பற்கள் ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக அடியோடு வெட்டுப்பட்டு, மீதமுள்ளவையும் நகத்தால் கீறினால் பொடியாகும் நிலையில் இருந்தால், கியர் வயதாகிவிட்டது. வெப்பமும் கெட்ட ஆயிலும் பிசினைக் களைப்படையச் செய்துவிட்டன. வோல்வோ பி18, பி20 எஞ்சின்களின் ஃபைபர் கேம் கியர் இந்த முடிவுக்குப் பெயர்போனது; அவற்றை வைத்திருப்போர் எஃகு அல்லது அலுமினியக் கியருக்கு மாறி, கூடவே வரும் ஓசையையும் ஏற்றுக்கொண்டார்கள்.

எஃகுக்கு மாறும்போது ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஃபைபர் கியர் தன்னை அறியாமலே ஓர் உருகியாக (ஃபியூஸாக) வேலை செய்துகொண்டிருந்தது. வால்வு ஒட்டும் கோளாறைச் சரிசெய்யாமல் எஃகுக் கியரைப் போட்டால், அடுத்த முறை உடைவது கியராக இராது. புஷ்ராட் வளையும், கேம் முகடு நசுங்கும், அல்லது கிராங்க் கியரை ஷாஃப்டோடு பிணைக்கும் கீ (சிறு உலோக ஆப்பு) வெட்டுப்படும். காரணம் நீக்கப்பட்டுவிட்டால் எஃகு தாராளமாகப் போடலாம்.

எதைப் போட்டாலும், உதிர்ந்த பற்களின் எண்ணிக்கைக்கு ஈடான துண்டுகள் கைக்கு வரும் வரை சம்பை (ஆயில் தேங்கும் அடித்தொட்டியை)ச் சுத்தம் செய்வதை நிறுத்தக் கூடாது. ஃபைபர் துகள் ஆயில் வலையில் பஞ்சு போல் அப்பிக்கொள்ளும். தெறிப்பு முறையில் ஆயில் செல்லும் எஞ்சினில் கனெக்டிங் ராடின் ஆயில் துளையை ஒரு சிறு துண்டே அடைத்துவிடும்.

அறிகுறி: ஆயிலில் பளபளக்கும் பொடி

வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி, மேலே காந்தத்தை ஓட்ட வேண்டும். காந்தத்தில் ஒட்டுவது எஃகு, வார்ப்பிரும்பு அல்லது சின்டர் இரும்பு (பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த இரும்பு). ஒட்டாமல் பொன்னிறத்தில் மின்னுவது பித்தளையோ வெண்கலமோ. அது கியரிலிருந்து வந்திருக்கலாம், புஷ்ஷிலிருந்தும் வந்திருக்கலாம். ஒட்டாத சாம்பல் நிறப் பொடி அலுமினியம்; அதுவும் கியருடையது என்று உடனே கூறிவிட முடியாது, பிஸ்டனும் கேஸும் அதே உலோகம்தான்.

புதிதாகக் கட்டிய எஞ்சினில் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் பொடி வருவது இயல்பு. ஆயிலை மாற்றிய பிறகும் தொடர்ந்தால் ஜோடிப் பொருத்தத்தை ஆராய வேண்டும். அலுமினியத்துக்கு அலுமினியம் கூடவே கூடாது. ஆயில் படலம் ஒரு கணம் விலகினாலும் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துவிடும். கடினப்படுத்தாத மைல்டு ஸ்டீலுக்கு அதே மைல்டு ஸ்டீல் என்பதும் ஏறத்தாழ அதே வகைக் குற்றம். சிறிய கியர் இரு மடங்கு சுற்றுவதால் அதுவே கடினமாக இருக்க வேண்டும்: கிராங்க் கியர் ஈஎன்8 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகில் கடினப்படுத்தியதாகவோ, 20எம்என்சிஆர்5 போன்ற எஃகில் மேற்பரப்பைக் கார்பனேற்றி ராக்வெல் சி 58 முதல் 62 வரை கடினமாக்கியதாகவோ இருந்து, கேம் கியர் வார்ப்பிரும்பு, கடினப்படுத்தாத ஈஎன்8, பாஸ்பர் பிரான்ஸ், 7075 வகை அலுமினியம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். மிகச் சிறிய மாதிரி எஞ்சினில் மெல்லிய ஸ்பிரிங்குகளோடு எஃகுக் கிராங்க் கியருக்குப் பித்தளைக் கேம் கியரும் போதும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கிய அன்றே அந்தப் பித்தளையின் நாள்கள் எண்ணப்படத் தொடங்கும்.

அறிகுறி: கடின எஃகு தேய்கிறது, மென்மையான கியர் அப்படியே இருக்கிறது

முதல் பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும். தூசோ அலுமினா துகளோ ஆயிலில் இருந்தால் அது மென்மையான பல்லில் புதைந்து நிலைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பல் எதிரே உள்ள எஃகை லேப்பிங் செய்யும் (துகளால் தேய்த்து அரைக்கும்) கருவியாக மாறுகிறது. மென்மையான கியரின் பல்லில் உருப்பெருக்கியின் கீழ்ச் சாம்பல் நிற மங்கல் பரப்பில் நுண்ணிய மின்னும் புள்ளிகள் தெரிந்தால் இதுதான் காரணம். அந்தக் கியரைக் கழுவிப் பயன் இல்லை, மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டரையும் பிரீதர் குழாயையும் (கிராங்க்கேஸின் காற்றுப் போக்குக் குழாய்) சோதிக்க வேண்டும்.

கண்ணாடி இழை கலந்த நைலான் கியருக்கு வெளியிலிருந்து தூசு வர வேண்டியதே இல்லை, உராயும் இழை அதற்குள்ளேயே இருக்கிறது. அதைக் கடினப்படுத்தாத கிராங்க் கியருடன் இணைக்கக் கூடாது. ஹார்டு அனோடைஸ் செய்த (மின்முறையில் மேல் படலத்தைக் கடினமாக்கிய) அலுமினியப் பல்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் அதன் மேல் படலம் அலுமினியம் ஆக்சைடு.

அறிகுறி: பல் முகத்தில் குழிகள் அல்லது கீறல்கள்

இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். இடம் பார்த்துப் பிரிக்கலாம். இரண்டு பற்களும் பிணையும் பாதையில் பல்லின் நடு உயரத்தில், பிட்ச் வட்டம் எனப்படும் இடத்தில், சறுக்கல் இல்லை, உருளல் மட்டுமே உண்டு. அந்தக் கோட்டையொட்டி ஊசி முனை அளவுக் குழிகள் வரிசையாகத் தோன்றினால் மேற்பரப்பு சோர்ந்துவிட்டது: சுமைக்கு ஏற்ற கடினமோ அகலமோ இல்லை. ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினமாக இருந்தால் அதைக் குறைப்பதும், முடியாவிட்டால் கியரைக் கடினமான எஃகில் செய்வதும், இடமிருந்தால் பல்லின் அகலத்தைக் கூட்டுவதும் தீர்வுகள்.

பிட்ச் கோட்டைத் தவிர்த்துவிட்டு, பல்லின் நுனியிலும் அடியிலும் மேலிருந்து கீழாக இழுத்த கோடுகள் இருந்தால் அது உராய்வுக் கீறல். சறுக்கல் அதிகமான இடங்கள் அவைதான். ஆயில் மட்டம் குறைந்ததா, பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்ததா என்று பார்த்துவிட்டு, அதன் பின்னரே உலோக ஜோடியை மாற்ற வேண்டும்.

சின்டர் இரும்புக் கியரில் பல்லின் அடியில் தொடங்கிக் குறுக்கே ஓடும் மெல்லிய விரிசல் தெரிந்தால், பெரும்பாலும் அது ஓட்டத்தில் வந்தது அன்று. ஷாஃப்டில் ஏற்றும்போது சுத்தியலால் தட்டியதில் வந்தது. அத்தகைய கியரை ஆயிலில் சூடாக்கி, தட்டாமல் நழுவவிட்டு ஏற்ற வேண்டும்.

அறிகுறி: டைமிங் சரியாக வைத்தும் சில நாள்களில் நகர்கிறது

ஸ்டார்ட் ஆவது கடினமாகி, சக்தி குறைந்து, பற்கள் எல்லாம் நன்றாக இருந்தால், கியருக்கும் ஷாஃப்டுக்கும் இடையே உள்ள பிடிப்பைச் சோதிக்க வேண்டும். கியரின் முகத்திலும் ஷாஃப்டின் முனையிலும் ஒரே கோட்டைக் கீறிவிட்டு, எஞ்சினைச் சூடேறும் வரை ஓட்டிப் பிரித்தால், கோடு விலகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

20 மி.மீ. எஃகு ஷாஃப்டில் இறுக்கி ஏற்றிய அலுமினியக் கியரின் துளை, 100 டிகிரி ஏற்றத்தில் ஷாஃப்டைவிட 0.023 மி.மீ. கூடுதலாக விரியும். 0.025 மி.மீ. இறுக்கம் வைத்திருந்தால் அதில் ஏறத்தாழ எதுவும் மிஞ்சாது. இறுக்கத்தை இன்னும் கூட்டுவது குளிரில் கியரின் மையத்தைப் பிளக்கும் அபாயத்தைத் தரும்; எஃகு ஹப்பில் போல்ட்டாலோ ரிவெட்டாலோ அலுமினிய வளையத்தைப் பொருத்துவது, அல்லது கீயும் நட்டும் வைப்பதே முறை. நைலானையும் அசிட்டாலையும் இறுக்கி ஏற்றுவது இன்னும் மோசமானது, ஏனெனில் சூடு இல்லாவிட்டாலும் நாள்பட நாள்பட அவை தம் இறுக்கத்தைத் தாமே தளர்த்திக்கொள்ளும். அவற்றுக்கு நர்லிங் (பிடிப்புக்கான வரிப்பள்ளம்) இட்ட உலோக ஹப்பும் குறுக்கே திருகுகளும் அவசியம்.

சாய்பல் கியராக (பற்கள் அச்சுக்குச் சாய்வாக வெட்டிய ஹெலிக்கல் கியராக) இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாய்பல் ஷாஃப்டை அச்சுவாக்கில் தள்ளும். தொடுமுகம் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தள்ளலின் திசையும் மாறும். உந்து வாஷர் தேய்ந்து கேம்ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்தால், சாய்வின் காரணமாகவே டைமிங் சிறிது முன்பின் ஆடும், கூடவே தட்டும் ஓசையும் வரும். இங்கே மாற்ற வேண்டியது வாஷரை.

அறிகுறி: குறுக்கு அச்சுக் கியரில் விரைவான தேய்வு

சில மாதிரி எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்குச் செங்குத்தாக நின்று, இரண்டு சாய்பல் கியர்களால் ஓடும். இணை அச்சுக் கியரில் பற்கள் கோடாகத் தொடுகின்றன; இங்கே புள்ளியாகத் தொட்டு நெடுகச் சறுக்குகின்றன. ஆகவே எஃகு–வார்ப்பிரும்பு ஜோடி வேறெங்கும் நன்றாக ஓடியது என்பதை இங்கே சான்றாகக் கொள்ள முடியாது. ஓட்டும் கியர் கடினப்படுத்தி மெருகேற்றிய எஃகாகவும், ஓடும் கியர் பாஸ்பர் பிரான்ஸாகவும் இருப்பதே தகுந்த ஏற்பாடு. புதிய வெண்கலப் பல்லில் முதலில் ஒரு சிறு முட்டை வடிவத் தடம் தோன்றி, ஓட ஓட அகலும். அகல்வது நின்றுவிட்டால் பொருந்திவிட்டது என்று கொள்ளலாம். நிற்காமல் பல்லின் விளிம்பு வரை சென்றால் ஆயில் போதவில்லை, அல்லது எஃகுப் பல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறது.

இந்தத் தேய்வைத் தணிக்கக் கியர் பெட்டிக்குரிய ஜிஎல்-5 ஆயிலை எஞ்சினுக்குள் ஊற்றிப் பார்க்கும் யோசனை சிலருக்கு வரும். அதில் உள்ள கந்தகச் சேர்மம் சூட்டில் வெண்கலத்தையும் பித்தளையையும் அரித்துக் கறுக்கச் செய்யும். கேம் புஷ்ஷும் வெண்கலம் என்றால் இரண்டும் சேர்ந்து கெடும். எஞ்சினுக்குரிய ஆயிலையே ஊற்றி, கியரின் கீழ்ப்பல் ஆயிலைத் தொடும் அளவுக்கு மட்டத்தை உயர்த்துவது அல்லது மேலிருந்து சொட்டும் குழாய் ஒன்றைப் பொருத்துவது போதுமானது.